கால அட்டவணையைப் பார்க்காத கண்: பேருந்து ஓட்டுநர் மீதான மின்னணுக் கண்காணிப்பு

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை இந்த இறப்புகளில் 71.2 விழுக்காட்டை அதிவேகத்தின் கணக்கில் வைக்கிறது. காரணம் தேடும் பார்வை ஓட்டுநரின் செயலோடு நின்றுவிடுவதால் கிடைக்கும் எண் இது. அவர் ஏன் விரைந்தார், எத்தனை மணி நேரமாக வண்டியில் இருந்தார், அடுத்த நடைக்கு எத்தனை நிமிடம் மிச்சமிருந்தது என்பவை அந்த எண்ணுக்குள் தெரிவதில்லை. பேருந்துகளில் இப்போது பொருத்தப்படும் மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் இதே குறுகிய பார்வையைத்தான் நாள் முழுவதும், விநாடி தவறாமல் பதிந்துவருகின்றன.

ஓட்டுநரின் நடத்தை என்று கருவி பதிவு செய்வதில் பெரும்பகுதி அவருடைய பணி ஏற்பாட்டின் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம். கால அட்டவணை, ஊதியக் கணக்கு, ஓய்வு நேரம் ஆகிய மூன்றும் அந்தப் பதிவோடு சேர வேண்டும். அவற்றை வகுத்த நிர்வாகமும் அதே பதிவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட வேண்டும். அப்போதுதான் கண்காணிப்பு உயிர் காக்கும். அவ்வாறு சேராத இடங்களில் அது குற்றப்பத்திரிகைக்குச் சான்று திரட்டுவதோடு நின்றுவிடும்.

ஒற்றன் என்று பெயரெடுத்த கருவி

இந்த வரிசையில் மூத்தது டாகோகிராஃப். தொடக்க காலத்தில் அது மெழுகு பூசிய வட்டத் தாளில் ஊசியால் கீறும் எளிய பொறி. வண்டி எப்போது ஓடியது, என்ன வேகத்தில் ஓடியது, எப்போது நின்றது என்பது ஒரு நாள் முழுமைக்கும் கோடாக விழும். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல் ஓர் ஒழுங்குவிதியின் மூலம் இதைக் கொண்டுவந்தது. 1973இல் அச்சமூகத்தில் சேர்ந்த பிரிட்டன் நெடுநாள் இணங்கவில்லை. அங்கே தொழிற்சங்கங்கள் இக்கருவியை ‘ஓட்டுநர் அறைக்குள் ஓர் ஒற்றன்’ என்றன. அரசும், விரும்பியவர்கள் பொருத்திக்கொள்ளலாம் என்ற அளவில் விட்டுவைத்திருந்தது. உள்நாட்டு எதிர்ப்பைக் காட்டி ஒரு நாடு விதியிலிருந்து ஒதுங்கிக்கொள்ள இயலாது என்று 1979 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த எதிர்ப்பு அறியாமையில் பிறந்ததென்று நான் கருதவில்லை. முதலாளியின் கையில் மட்டும் இருக்கும் பதிவு எந்தப் பக்கம் சாயும் என்று தொழிலாளர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆனால் இன்று ஐரோப்பியப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் இக்கருவியின் அமலாக்கத்தை இன்னும் இறுக்கும்படி கேட்கிறது. ஒற்றனாக நுழைந்த கருவி தொழிலாளியின் சாட்சியாக மாறியதற்கு அதைச் சுற்றி வளர்ந்த சட்டமே காரணம்.

2006ஆம் ஆண்டின் 561ஆம் எண் ஒழுங்குவிதி, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை. இரண்டு வாரங்களைச் சேர்த்துப் பார்த்தால் 90 மணி நேரமே உச்சம். எண்களைவிட முக்கியமானது அதன் பத்தாவது பிரிவு. ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கையோ வைத்துத் தரும் ஊதியம் சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமானால், ஊக்கத்தொகை என்ற பெயரில்கூட நிறுவனம் அதைத் தரக்கூடாது. ஓட்டுநர் விதிக்குள் நின்று வேலை செய்யும்படி பணியை வகுப்பது நிறுவனத்தின் கடமை. அவர் மீறினால் நிறுவனமும் பொறுப்பு. பன்னிரண்டாவது பிரிவில் இன்னொரு நுட்பம் உண்டு. பாதுகாப்பாக நிறுத்த இடம் தேடி நேர வரம்பைக் கடக்க நேர்ந்தால், அதற்கான காரணத்தை ஓட்டுநர் தம் கையால் பதிவுத் தாளிலேயே எழுத வேண்டும். இயந்திரம் கீறிய கோட்டின் அருகில் மனிதரின் விளக்கமும் சட்ட மதிப்போடு நிற்கிறது. 2006 மே முதல் புதிய வண்டிகளுக்கு வந்த மின்னணு வடிவத்தில் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் சொந்த அட்டை உண்டு. எந்த வண்டியில் ஏறினாலும் அவருடைய மணிக்கணக்கு அவரோடு போகும்.

ஐம்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட வழித்தடத்தில் ஓடும் பேருந்துகளுக்கு இந்த விதி பொருந்தாது. ஆக, நகரப் பேருந்து ஓட்டுநர் இந்தக் காப்புக்கு வெளியே நிற்கிறார். லண்டனைப் பற்றிப் பேசும்போது இதன் விளைவைக் காணலாம்.

திடீர் பிரேக்கின் பொருள்

இன்றைய கருவிகள் மணிக்கணக்கோடு நிற்பதில்லை. முடுக்கமானி வண்டியின் உலுக்கலை அளக்கிறது, செயற்கைக்கோள் வழி இடமும் வேகமும் தெரிகின்றன, ஓட்டுநர் முகத்துக்கு எதிரே உள்ள கேமரா இமைகளைக் கவனிக்கிறது. முன்பே குறித்த ஓர் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘நிகழ்வு’ பதிவாகிறது. நிகழ்வுகளைக் கூட்டினால் மதிப்பெண், மதிப்பெண்களை அடுக்கினால் தரவரிசை.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்தின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 3 மீட்டர் என்ற கணக்கில் குறைந்தால், அது நிற்க ஏறத்தாழ 32 மீட்டர் தேவை. நின்றுகொண்டு பயணம் செய்பவர்கள் தடுமாற அதுவே போதும். பல கருவிகளில் நிகழ்வு பதிவாகவும் போதும். ஒரு சிறுவன் 30 மீட்டர் முன்னால் சாலைக்குள் ஓடிவந்தால் ஓட்டுநர் இதைவிடக் கடுமையாக மிதிக்க வேண்டும். அந்த மிதி ஓர் உயிரைக் காத்தது. முன்வண்டியை ஒட்டியே ஓட்டிவந்த இன்னொருவர் அலட்சியத்தால் மிதித்ததும் முடுக்கமானியில் அதே எண்ணாகத்தான் விழும். இரண்டையும் பிரித்தறிய வெளிப்புறக் கேமராவின் படமும் அதைப் பொறுமையாகப் பார்க்கும் அனுபவசாலி ஒருவரும் தேவை. பணிமனையில் நூற்றுக்கணக்கான நிகழ்வுகள் குவியும்போது அந்தப் பொறுமைக்கு ஆள் ஒதுக்கப்படுவதில்லை. எண்ணிக்கை மட்டும் மேசைக்குப் போகிறது. எண்ணிக்கைக்குப் பயந்த ஓட்டுநர் இடைவெளி விட்டு ஓட்டப் பழகலாம். அதுதான் நாம் வேண்டுவது. மிதிக்க வேண்டிய கணத்தில் அரை விநாடி தயங்கவும் செய்யலாம். எது நடந்தது என்பதைத் தரவரிசை சொல்லாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. 20 கி.மீ. நீளமுள்ள தடத்துக்கு 40 நிமிட ஓட்டநேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 20 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் அரை நிமிடம்; சிக்னல்களில் மொத்தம் 5 நிமிடம். சக்கரம் உருள மிஞ்சுவது 25 நிமிடம், அதாவது சராசரியாக மணிக்கு 48 கி.மீ. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டத்தால் கால் நிமிடம் கூடுதலாகப் போகட்டும். மிஞ்சுவது 20 நிமிடம். தேவைப்படும் சராசரி 60 கி.மீ. ஓட்டுநரின் குணத்தில் எந்த மாற்றமும் இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஏறி இறங்கக் கால் நிமிடம் கூடியது, அவ்வளவே. கருவியில் மட்டும் அவர் அன்று ‘வேக மீறல்’ செய்தவர் ஆகிவிடுவார். முதியவர் ஒருவர் கைப்பிடியைப் பிடித்து ஏறும்வரை காத்திருந்த ஓட்டுநருக்கு இந்தப் பதிவில் வரவு வைக்க எந்தக் கட்டமும் இல்லை என்பது எனக்கு இதில் மிகவும் வருத்தம் தரும் பகுதி.

சாண்டியாகோவின் பயணச்சீட்டுப் போர்

ஊதிய முறை ஓட்டும் முறையை எவ்வளவு ஆழமாக வடிவமைக்கிறது என்பதற்குச் சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோ அரிய சான்று தருகிறது. அங்கே ஒரே காலத்தில், ஒத்த தடங்களில், இரு வகை ஓட்டுநர்கள் இருந்தனர். சிலருக்கு நிலையான சம்பளம், மற்றவர்களுக்கு ஏற்றிய பயணியின் தலைக்கு இவ்வளவு. பின்னவர்கள் நடத்திய போட்டியை ஊரார் ‘பயணச்சீட்டுப் போர்’ என்றே அழைத்தனர். ஜான்சன், ரெய்லி, முன்யோஸ் ஆகிய மூவரும் இதை ஆராய்ந்தனர். நிலையான சம்பளத் தடங்களில் பயணி ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டமாக வந்தன. தலைக்கணக்கு ஊதியம் வாங்கியவர்களோ ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 67 விழுக்காடு கூடுதல் விபத்துகளுக்குள்ளாயினர்.

இந்த ஆய்வில் இன்னொரு செய்தி என் கவனத்தை ஈர்த்தது. சாண்டியாகோவின் நிறுத்தங்களில் சிலர் குறிப்பேட்டோடு நின்று, முந்தைய பேருந்து எப்போது போனதென்று எழுதிவைப்பார்கள். அடுத்து வரும் ஓட்டுநர் சில்லறை கொடுத்து அந்தத் தகவலை வாங்கிக்கொள்வார். முன்வண்டி போய் இரண்டு நிமிடம்தான் என்றால் வேகத்தைக் குறைப்பார், பத்து நிமிடம் என்றால் விரைவார். எந்த மின்னணுவும் இல்லாத இந்த ஏற்பாடும் கண்காணிப்புதான். அதன் பயனாளி ஓட்டுநர் என்பது மட்டுமே வேறுபாடு. பயணியின் காத்திருப்பு குறைந்ததில் இந்தத் தகவலுக்குப் பங்குண்டு. கூடுதலாக நேர்ந்த விபத்துகளுக்கு ஊதிய முறையே பொறுப்பு. நல்ல தகவலைக் கெட்ட ஊதிய முறையோடு இணைத்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனைக்கூடமும் காட்டியிராது.

அமெரிக்க லாரிகளின் கதை இதற்கு மறுபக்கம். 2017 டிசம்பர் 18 முதல் அங்கே மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமாயிற்று. மணி நேர வரம்பு முன்பே இருந்தது. ஓட்டுநர்கள் காகிதப் பதிவேட்டில் அதை வளைத்துக்கொண்டிருந்தார்கள். கருவி வந்ததும் அந்த வரம்பை மீறுவது குறைந்தது. ஆனால் ஸ்காட், பால்த்ராப், மில்லர் ஆகியோரின் ஆய்வு விபத்துகள் குறைந்ததாகக் காணவில்லை. சிறு நிறுவனங்களில் வேக மீறல் போன்ற ஆபத்தான ஓட்டம் கூடியிருந்தது. மைலுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவரின் நேரத்தை மட்டும் பூட்டினால், அவர் இழந்த மைல்களை வேகத்தில் மீட்கிறார். ஆய்வாளர் கேரன் லெவி தம் நூலில் இந்த லாரி ஓட்டுநர்களோடு பழகி எழுதியதும் இதை ஒட்டியதே: சோர்வின் வேர் தொழிலின் பொருளாதாரத்தில் இருக்க, கருவி தொழிலாளியின் மேல் குவிகிறது. ஐரோப்பிய விதியின் பத்தாவது பிரிவு போன்ற ஒன்று அமெரிக்கக் கருவிக்குத் துணையாக வரவில்லை. இரு கண்டங்களின் வேறுபாட்டில் நான் முதன்மையாகக் காண்பது இதையே.

தூக்கத்தைக் கண்டறிதல்

கேமராவின் வேலை வேறு. ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் இமைகள் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்த பங்கை அது கணக்கிடும். உறக்க ஆய்வுகள் சோர்வின் நம்பகமான அடையாளமாக ஏற்றுக்கொண்ட அளவு இது. 2016 நவம்பர் 9 அன்று லண்டன் குராய்டனில் டிராம் வண்டி தடம்புரண்டு ஏழு பேர் இறந்த பிறகு, அங்கே டிராம்களில் முகக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அதிகாலையில் கண்ணயரும் ஓட்டுநரை இருக்கை அதிர்ந்து எழுப்புவது உண்மையிலேயே உயிர் காக்கக்கூடியது. இதை மறுப்பது வறட்டுப் பிடிவாதம்.

ஆனால் 2019இல் லஃபரோ பல்கலைக்கழகம் லண்டன் பேருந்து ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வைப் பாருங்கள். 21 விழுக்காட்டினர் வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று முறை தூக்கத்தோடு போராடி ஓட்டுவதாகச் சொன்னார்கள். கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது ஓட்டும்போதே தூங்கிவிட்டதாக 17 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். அந்நாட்டின் உள்ளூர்ப் பேருந்து விதிகளோ ஐந்தரை மணி நேரம் ஓட்டியபின் அரை மணி நேர இடைவேளையையும், 16 மணி நேரம் வரை நீளும் பணிநாளையும் அனுமதிக்கின்றன. 50 கிலோமீட்டர் விலக்கின் பொருள் இங்கே புலப்படுகிறது. இத்தகைய பணிமுறையில் கேமராவின் ஒலி ஓட்டுநரைச் சில நிமிடங்கள் விழிக்க வைக்கும். அவருக்குத் தேவையான தூக்கத்தைத் தராது. அந்த ஒலி எழுந்ததும் அடுத்த நிறுத்தத்தில் வேறோர் ஓட்டுநர் ஏறுவாரா என்பதில்தான் ஏற்பாட்டின் நேர்மை இருக்கிறது. ஏறமாட்டார் என்றால், ஒலித்த பிறகும் வண்டியை ஓட்டச் சொன்னது நிர்வாகம் என்பதும் அதே பதிவில் இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்பு விதி இதில் தெளிவான கோடு ஒன்றைப் போடுகிறது. புதிய வாகனங்களில் சோர்வு எச்சரிக்கை கட்டாயம். அதே வேளையில் அந்த அமைப்பு தொடர்ந்து பதிவு செய்யவோ, மூன்றாம் தரப்புக்குத் தகவலைத் தரவோ கூடாது, பயன்படுத்திய உடனே அழித்துவிட வேண்டும். எச்சரிக்கும் கருவியையும் தண்டிக்கும் கருவியையும் சட்டமே பிரித்து வைக்கிறது. தம் களைப்பு சம்பள வெட்டாகத் திரும்பாது என்று தெரிந்த ஓட்டுநர்தான் களைப்பை மறைக்காமல் சொல்வார்.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் பொதுப் பயணிகள் வாகனங்களுக்கு இடங்காட்டும் கருவியையும் அவசரப் பொத்தானையும் கட்டாயமாக்கிய அறிவிக்கை 2016 நவம்பரில் வந்தது. அதற்குரிய ஏ.ஐ.எஸ்.-140 தரநிலை, திடீர் பிரேக், திடீர் முடுக்கம், முரட்டுத் திருப்பம் ஆகியவற்றையும் எச்சரிக்கைச் செய்தியாக அனுப்பும்படி வகுக்கப்பட்டுள்ளது. பயணியின் பாதுகாப்புக்காக வந்த பெட்டி ஓட்டுநரின் காலையும் கையையும் சேர்த்தே அளக்கிறது. அவருடைய மணிக்கணக்கை மட்டும் விட்டுவிடுகிறது. ஐரோப்பியக் கருவியில் அட்டை ஓட்டுநருக்குச் சொந்தம். இங்கே கருவி வண்டியோடு பிணைந்தது. வண்டி எங்கே போனது என்பது தெரியும். அதை ஓட்டியவர் நேற்றிரவு எப்போது இறங்கினார், இரட்டைப் பணியா, எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதற்கு அதில் இடமில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி நேர ஓய்வு என்று வகுத்தது; நெடுந்தூரத் தடங்களுக்குத் தளர்வும் தந்தது. அச்சட்டம் 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்தபோதாவது, நேர வரம்பை மின்னணுப் பதிவோடு இணைத்திருக்கலாம். அந்த வாய்ப்பு நழுவியது.

நம் அரசுப் பேருந்துகளில் ஓட்டுநரை இருபுறமும் இழுக்கும் இரண்டு அளவுகள் நெடுநாளாக உண்டு. ஒன்று வசூல், அதையொட்டி ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் படி கிடைக்கும். மற்றொன்று கே.எம்.பி.எல்., அதாவது ஒரு லிட்டர் டீசலுக்கு ஓடிய கிலோமீட்டர். டீசல் சிக்கனம் சீரான ஓட்டத்தைக் கேட்கிறது. வசூலும் ஓட்டநேரமும் முந்திக்கொண்டு போகச் சொல்கின்றன. தனியார் பேருந்து அதே தடத்தில் சில நிமிட இடைவெளியில் பின்னால் வரும்போது நேரக் காப்பாளர் முன்னிலையில் எழும் சச்சரவுகளைத் தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்திலும் கேட்கலாம். நிலையான சம்பளம் உள்ளவர் என்பதால் நம் அரசுப் பேருந்து ஓட்டுநரின் நிலை சாண்டியாகோவின் தலைக்கணக்கு ஓட்டுநரின் நிலையைவிட நல்லதே. ஆயினும் படியின் திசை அதே திசைதான். வசூல் படியை வைத்துக்கொண்டே வேக மீறலுக்கு மெமோ கொடுக்கும் நிர்வாகம், ஒரு கையால் தள்ளிய ஓட்டுநரை மறு கையால் தண்டிக்கிறது.

சட்டமும் நிர்வாகத்தின் பக்கமே சாய்ந்துள்ளது. கவனக்குறைவால் இறப்பு நேர்ந்தால் தண்டனை ஓட்டுநருக்கு. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதை அதன் உச்சத்தை இரண்டு ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. ஓட்டநேரத்தை வகுத்தவர் வழக்கில் வருவதில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும், தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலே அவருடைய தரவைக் கையாள இடம் தருகிறது. போக்குவரத்துக் கழகங்கள் அரசுக்குச் சொந்தமானவை. ஆகவே 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அடிப்படை உரிமையென அறிவித்த அந்தரங்கம் அவற்றையும் கட்டுப்படுத்தும். அளவோடும் தக்க நோக்கத்தோடும் மட்டுமே தலையிடலாம் என்ற அந்தத் தீர்ப்பின் அளவுகோலை முகக் கேமராவின் மேல் வைத்துப் பார்க்கும் வழக்குக்காகக் காத்திராமல், கழகங்களே விதி வகுத்துக்கொள்வது நல்லது.

அதற்கான களம் இப்போது திறந்திருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்ததாரருடையவை, நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் ஒப்பந்ததாரருக்குப் பணம் தருகிறது. இந்த முறையில் ஓட்டுநரின் தரவு இரண்டு முதலாளிகளின் திரையில் தெரியும். ஓட்டநேரத்தை வகுப்பவர் ஒருவர், சம்பளத்தைப் பிடிப்பவர் இன்னொருவர். இனிவரும் ஒப்பந்தங்களில் சில நிபந்தனைகளை எழுத முடியும், எழுதியாக வேண்டும். எந்த நிகழ்வுப் பதிவும் அந்த நடையின் ஓட்டநேரமும் ஓட்டுநரின் அன்றைய பணிநேரமும் இல்லாமல் நடவடிக்கைக்குச் சான்றாகக்கூடாது. பதிவை முதலில் பார்ப்பதும் தம் விளக்கத்தை அதன் அருகிலேயே எழுதுவதும் ஓட்டுநரின் உரிமையாக வேண்டும். ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் பல ஓட்டுநர்கள் வேகத்தை மீறியிருந்தால், விசாரணை அட்டவணையின் மேல் நடக்க வேண்டும். திருத்தப்படும்வரை அதற்கான அபராதம் அட்டவணையை வகுத்தவரைச் சேரட்டும். முகக் கேமராவின் எச்சரிக்கை மாற்று ஓட்டுநரை அழைப்பதற்கு மட்டும் பயன்பட்டு அன்றே அழிய வேண்டும்.

இவற்றில் செலவு பிடிப்பது கடைசியானதுதான். மென்பொருளை மாற்றுவது எளிது; அதிகாலை நடைக்கு ஒவ்வொரு பணிமனையிலும் இரண்டு மூன்று ஓட்டுநர்களைக் கையிருப்பில் வைப்பது எளிதில்லை. ஓட்டுநர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இரட்டைப் பணியால் அட்டவணையை ஓட்டும் பணிமனையில் கேமரா ஒலிக்கும்போது கிளை மேலாளருக்கும் வேறு வழி இருக்காது. ஆகவே கருவிக்கு ஒதுக்கும் நிதியும் ஆள் சேர்க்கும் நிதியும் ஒரே கோப்பில், ஒரே கையெழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.